இறங்கும் மேலிமை: கத்தி வைக்கும் முன் காரணம் தெரிய வேண்டும்

திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்தில், பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்க முகவாயை உயர்த்திப் பார்க்கும் முதியவர்களைக் கவனித்திருப்பீர்கள். அவர்களில் சிலருக்குக் கண்ணாடியின் பவர் சரியாகவே இருக்கும். புரை ஆபரேஷனும் என்றோ முடிந்திருக்கும். பார்வையை மறைப்பது மேலிமை. முக்கூடல், கடையம், ஆலங்குளம் வட்டாரத்தில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களுக்கு இதே குறை வேறு விதமாக வரும். குனிந்து பார்க்கையில் இமை இன்னும் கீழே சரியும், இலையும் நூலும் சரியாகப் புலப்படாது, பொழுது சாய்வதற்குள் நெற்றி கனத்துப் போகும். "ஆச்சிக்குத் தூக்கம் வந்துவிட்டது" என்று வீட்டில் சொல்வார்கள். ஆச்சிக்கு வந்தது தூக்கமில்லை. இறங்கிய இமையைத் தூக்கிப் பிடிக்க நெற்றித் தசை காலையிலிருந்து உழைத்த களைப்பு.

இப்படிப்பட்டவர்களுக்கு மேலிமை அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். இமையை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனாலேயே இதைச் சின்ன விஷயமாக எண்ணிவிடுகிறோம். விசாரிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது செலவு, அடுத்து தழும்பு. இமை எதனால் இறங்கியது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கக் கூடாது.

ஒரே தோற்றம், வெவ்வேறு காரணம்

மேலிமையைத் தூக்குவதற்கென்றே ஒரு தசை இருக்கிறது. கண்குழியின் ஆழத்தில் தொடங்கி, விழியின் மேற்புறமாக முன்னே வந்து, மெல்லிய தசைநாராக விரிந்து இமையில் ஒட்டுகிறது. லெவேட்டர் என்று கண் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மூளையிலிருந்து புறப்படும் மூன்றாவது நரம்பு இதை இயக்குகிறது. கூடவே முல்லர் தசை என்ற சிறிய தசை ஒன்று சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்தைக் கூட்டித் தருகிறது. இமைக்கு மேலே புருவம். அதை உயர்த்திப் பிடிப்பது நெற்றித் தசை. இமையை மூடியிருக்கும் தோலோ உடம்பிலேயே மிக மெல்லியது. இவற்றில் எது தளர்ந்தாலும் கண்ணாடியில் தெரிவது ஒன்றுதான்: கண் பாதி மூடிய முகம்.

தோல் மட்டும் தளர்ந்திருந்தால் இமையின் விளிம்பு தன் இடத்திலேயே இருக்கும். மிஞ்சிய தோல் மடிந்து, குறிப்பாக வெளிப்பக்கக் கடைக்கண்ணில், இமைமயிர் மேல் படியும். இந்த மிகுதித் தோலை அளந்து எடுப்பதுதான் பிளெஃபரோபிளாஸ்டி. தசைநார் நெகிழ்ந்துபோயிருந்தால் கதை வேறு. அங்கே விளிம்பே கீழிறங்கிவிடும். இதற்கு டோசிஸ் என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் டோசிஸில் பெரும்பகுதி வயதால் வருவது. பல வருடங்கள் கண்ணைக் கசக்கிய பழக்கம், கடினமான கான்டாக்ட் லென்ஸ் ஆகியவையும் காரணமாகலாம். இவர்களுக்குத் தோலை எவ்வளவு வெட்டினாலும் விளிம்பு மேலே ஏறாது. நெகிழ்ந்த தசைநாரை இழுத்து, அதன் பழைய இடத்தில் தைக்க வேண்டும்.

மூன்றாவது, புருவம். இது பலர் கண்ணுக்குப் படுவதில்லை. புருவம் எலும்பு விளிம்பைவிடக் கீழே இறங்கினால் அதற்கடியிலுள்ள தோல் இமையை நோக்கித் தள்ளப்படும். அதை இமைத் தோல் என்று நினைத்து வெட்டினால் புருவம் இமைமயிரை இன்னும் நெருங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு நெற்றித் தசை உழைப்பை விடுவதால் புருவம் மேலும் இறங்கவும் செய்யும். "ஆபரேஷன் செய்தும் முன்போலவே இருக்கிறது" என்ற வருத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிவதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மருத்துவர் முதலில் நெற்றியைப் பார்ப்பார். சுருக்கங்கள் ஆழமாக இருந்தால் அந்த நெற்றி இமைக்காக வேலை செய்கிறது என்று பொருள். பிறகு புருவத்தின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொள்வார், நெற்றி உதவிக்கு வராமலிருக்க. ஒரு சிறு அளவுகோலைக் கண்ணுக்கு முன்னால் வைத்து, "கீழே பாருங்கள்" என்பார். இமை விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, "தலையை அசைக்காமல் மேலே பாருங்கள்" என்பார். நல்ல தசை விளிம்பை ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் நகர்த்தும். 4 அல்லது அதற்கும் கீழே என்றால் தசையே பலவீனம். அப்படிப்பட்ட தசையை இழுத்துத் தைத்துப் பெரிய பயன் இராது, வேறு முறை வேண்டும். அடுத்து டார்ச் ஒளி. கருவிழியில் விழும் ஒளிப்புள்ளிக்கும் இமை விளிம்புக்கும் இடையே சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். கடைசியாக, இறங்கிய இமையை விரலால் தூக்கிவிட்டு மற்றக் கண்ணைப் பார்ப்பார். மூளை இரண்டு இமைகளுக்கும் சமமாகவே கட்டளை அனுப்புவதால், ஒன்றைத் தூக்கியதும் அதுவரை நன்றாக இருந்த மற்றது இறங்கும் வாய்ப்பு உண்டு. ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் கேட்பவர் இதைத் தன் கண்ணால் கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும்.

இந்தச் சோதனைக்கெல்லாம் சில நிமிடங்கள் போதும். அளவுகோலை எடுக்காமல், முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நாள் குறித்துக் கொடுக்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள் என்றே சொல்வேன். கண் மருத்துவம் படித்து அதற்குமேல் இமை, கண்குழி, கண்ணீர்ப்பை ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சி பெற்றவர்களை ஆக்குலோபிளாஸ்டி நிபுணர் என்பார்கள். பிளாஸ்டிக் சர்ஜன்களிலும் இமையில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். யாரானாலும், இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்பவரா என்று தயங்காமல் கேட்கலாம்.

கத்தி வேண்டாத இமைகள்

இமை ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கினால் அவசரமில்லை. ஒரே நாளில் இறங்கினால் அவசரம். கூடவே எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, விழி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ, கருவிழி நடுவிலுள்ள கண்மணி மற்றக் கண்ணைவிட விரிந்திருந்தாலோ, கடுமையான தலைவலி இருந்தாலோ, மூளை ரத்தக்குழாயில் ஏற்பட்ட வீக்கம் மூன்றாவது நரம்பை அழுத்துகிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த நரம்பு பாதிக்கப்பட்டு இமை சரிவதுண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும். ஆனால் இது எந்த வகை என்று வீட்டிலிருந்தே முடிவு செய்ய முடியாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல ஸ்கேன் வசதியும் நரம்பியல் பிரிவும் உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

காலையில் இயல்பாகத் திறந்திருக்கும் கண் மாலையில் சரிகிறது, ஒரு நாள் வலக்கண், இன்னொரு நாள் இடக்கண் என்றால் மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயை நினைக்க வேண்டும். நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேருவதில் வரும் கோளாறு இது. மூடிய இமையின் மேல் ஐஸ் பொதியை இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் இமை சற்று ஏறுவது இதற்கு ஓர் அடையாளம். இதற்கு முதல் வைத்தியம் மாத்திரைதான். பீடி சுற்றுபவருக்கு மாலையில் வரும் களைப்பும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். விழுங்கவும் பேசவும் சிரமம் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது.

வயல்காடு சூழ்ந்த நம் ஊர்களில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கட்டுவிரியன் தீண்டினால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருப்பதில்லை, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகும். விடியும்போது வயிற்று வலி, இமையைத் தூக்க முடியாமை, குழறும் பேச்சு என்று தொடங்கும். அடுத்தது மூச்சுத் தசைகள். மந்திரிக்கவோ வேர் கட்டவோ நேரம் கடத்தாமல் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பொறுத்திருக்க வேண்டியவர்களும் உண்டு. புரை ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இமை சற்று இறங்கும். பலருக்கு அது மாதங்களில் மேலேறிவிடுவதால் ஆறு மாதமாவது காத்திருப்பது முறை. தைராய்டு கோளாறால் கண் பிதுங்கியிருப்பவர்களுக்கு நோய் அடங்கி, அளவுகள் ஆறு மாதம் மாறாமல் நின்ற பிறகே இமையில் கை வைப்பார்கள்.

புரை ஆபரேஷன் மாதிரி இல்லை

எட்டயபுரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-இல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. முகாம்கள், கண்ணாடி, புரை ஆபரேஷன் என்று ஒரு தலைமுறை பழகிவிட்டதால், கண்ணில் ஆபரேஷன் என்றால் நடுங்கிய காலம் நம் பக்கத்தில் மலையேறிவிட்டது. பெரிய நன்மை அது. ஆனால் அந்தப் பழக்கத்தை வைத்து இமை ஆபரேஷனை எடைபோட முடியாது. புரையில் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, கணக்கிட்ட பவரில் புது லென்ஸை வைக்கிறார்கள். இமையில் எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதை அந்த முகத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவும் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட எதிரே நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டும் தேவைப்படுகிறவர்கள் எதை முதலில் செய்வது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கனத்த இமை கருவிழியின் வளைவைச் சற்றே மாற்றும். புரைக்கு வைக்கும் லென்ஸின் பவரை அந்த வளைவை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். இமை ஆபரேஷனும் எண்ணத்தில் இருக்கிறது என்று அளவெடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கண் வறட்சியை நம் வட்டாரத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் புழுதியோடு அடிக்கும். காற்றாலைகள் அங்கே நிறைந்திருப்பதற்குக் காரணமே அதுதான். இமை ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்கள் கண் முழுமையாக மூடாது, இமைப்பதும் குறையும். ஏற்கெனவே மணல் விழுந்தாற்போல் உறுத்தல் உள்ளவருக்கு அது பல மடங்காகும். கீழிமையில் சிறு காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் செருகி, எவ்வளவு நனைகிறது என்று பார்க்கும் சோதனை உண்டு. 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் வறட்சி கடுமை. முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். காற்றுக் காலம் ஓய்ந்த பிறகு நாள் வைத்துக்கொள்வதும் நல்ல யோசனை.

சாப்பிடும் மருந்துகளை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்துவது இமையைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவரும். இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, லேகியம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் சேரும்.

மேசையில் நடப்பது

பேனாவால் குறிப்பதை நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே செய்வார்கள், படுத்தால் தோல் பின்னுக்குச் சரிந்து அளவு மாறிவிடும் என்பதால். இமையின் இயல்பான மடிப்பு பெண்களுக்கு விளிம்பிலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்திலும், ஆண்களுக்கு அதைவிடச் சற்றுக் கீழேயும் இருக்கும். கீழ்க்கோடு அந்த மடிப்பிலேயே ஓடும், தழும்பு பிறகு அதற்குள் மறைந்துகொள்வதற்காக. மேல்கோடு எங்கே என்பதில்தான் மருத்துவரின் அனுபவம் இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லி, மழுங்கிய இடுக்கியால் தோலைக் கிள்ளிக் கூட்டுவார். இமைமயிர்கள் மெல்ல மேல்நோக்கித் திரும்பத் தொடங்கும் கணத்தில் நிறுத்துவார். அதற்குமேல் ஒரு இழையும் எடுக்கக் கூடாது. புருவத்தின் கீழ் விளிம்புக்கும் இமைமயிருக்கும் இடையே சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் கண் மூடாது. குறைவாக எடுத்ததைப் பின்னால் திருத்தலாம். கூடுதலாக எடுத்துவிட்டால் வேறு இடத்துத் தோலைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கும். "வந்ததே வந்தோம், நன்றாக இழுத்து விடுங்கள் டாக்டர்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

டோசிஸ் திருத்தம் என்றால் நடுவிலேயே கண்ணைத் திறக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்கள், சில சமயம் எழுந்து உட்காரவும் சொல்வார்கள். பெரியவர்களுக்கு முழு மயக்கம் கொடுக்காமல் செய்வது இதற்காகவே. முன்பு இமைக்குள்ளிருக்கும் கொழுப்பையும் தாராளமாக எடுத்தார்கள். வருடங்கள் போகப் போகக் கண் குழிவிழுந்து, இன்னும் வயது கூடினாற்போல் ஆனதைக் கண்டு இப்போது கொழுப்பில் சிக்கனம் காட்டுகிறார்கள்.

கருவளையம், கீழிமைப் பை, கடைக்கண் சுருக்கம் ஆகிய மூன்றும் மேலிமை ஆபரேஷனால் போகாது. இதை முன்பே தெரிந்துகொண்டால் ஏமாற்றமும் வீண்செலவும் மிச்சம்.

மிக அரிதாக, ஆனால் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து, விழிக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். தாங்க முடியாத வலி, விழி முன்னே தள்ளுவது, பார்வை மங்குவது ஆகியவை அறிகுறிகள். தையலைப் பிரித்தாவது உடனே அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை போய்விடும். திசையன்விளை, சங்கரன்கோவில், செங்கோட்டை போன்ற தூரத்து ஊர்க்காரர்கள் முதல் இரவை மருத்துவமனைக்கு அருகிலேயே கழிப்பது நல்லது. இரவில் யாரை அழைப்பது என்று எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தையல் பிரித்த பிறகும்

முதல் இரண்டு நாள் சுத்தமான துணியில் குளிர்ந்த ஒத்தடம், இரண்டு தலையணை வைத்த படுக்கை. ஐந்து முதல் ஏழு நாளில் தையல் பிரிப்பார்கள். குனிந்து பெருக்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, நடவு, களையெடுப்பு ஆகியவற்றைச் சுமார் இரண்டு வாரம் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் சிரமமான விஷயம் இதுதான். "கண்ணில்தானே ஆபரேஷன், கை நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாமியாரோ கணவரோ சொல்லிவிடாதபடி, மருத்துவரிடம் போகும்போது அவர்களையும் கூட்டிப்போவது நல்லது.

நந்தியாவட்டைப் பூ ஒற்றுவது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் தடவுவது எதுவும் ஆறாத தையல் பக்கம் வரக் கூடாது. கண்மையும் வேண்டாம். சாரல் நேரத்தில் குற்றாலம் போகும் ஆசையையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை அடக்கத்தான் வேண்டும். அருவி நீர் விழும் வேகத்தைப் புது இமை தாங்காது.

கன்றிப்போன நிறமும் வீக்கமும் பத்துப் பதினைந்து நாள் வெளியே தெரியும். ஊர்க் கோவில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ சொந்தக்காரர்கள் கூடும் நாளுக்கு முன்வாரம் இதைச் செய்துகொண்டு பலர் சங்கடப்படுகிறார்கள். இமை விளிம்பு மரத்திருப்பது வாரக்கணக்கில் நீடிக்கும். இறுதி வடிவம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இரு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அதற்குப் பிறகே திருத்தத்தைப் பற்றிப் பேச முடியும்.

குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. பிறவியிலேயே இமை இறங்கிய பிள்ளையை "அப்பாவைப் போல அரைக்கண், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். பிறவி டோசிஸ் வளர்ந்தால் சரியாகாது. இமை கண்மணியை மறைத்தால் மூளைக்குப் படம் போய்ச் சேராமல் அந்தக் கண்ணின் பார்வை வளராமலே நின்றுவிடும். ஏழெட்டு வயதைத் தாண்டினால் அதை மீட்பது கடினம். பிள்ளை முகவாயைத் தூக்கிப் பார்த்தால் உடனே காட்டுங்கள். பார்வை மறைந்திருந்தால் முதல் வயதிலேயே, இல்லாவிட்டால் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள், பெரும்பாலும் இமையை நெற்றித் தசையோடு இணைத்துக் கட்டும் ஆபரேஷனைச் செய்வார்கள். அதன்பின் தூக்கத்தில் கண் சற்றுத் திறந்திருக்கும், இரவில் களிம்பு போட வேண்டியிருக்கும்.

செலவில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. பார்வையை மறைக்கிறது என்று காட்ட முடிந்தால் கேட்டுப் பார்க்க இடமுண்டு. அதற்கு ஆபரேஷனுக்கு முன்பே ஆதாரம் வேண்டும்: நேராகப் பார்க்கும் புகைப்படம், மருத்துவர் குறித்த மில்லிமீட்டர் அளவுகள், நேராகப் பார்த்தபடியே சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப்புலச் சோதனை. அந்தச் சோதனையை இமை இருக்கும் நிலையில் ஒரு முறையும், பிளாஸ்திரியால் இமையைத் தூக்கி ஒட்டி இன்னொரு முறையும் எடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இமை எவ்வளவு மறைக்கிறது என்பதற்குச் சாட்சி. காப்பீட்டு நிறுவனத்தின் முன்அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே சேர வேண்டும்.

இதயம், வயது அல்லது தசைநோய் காரணமாக ஆபரேஷன் ஒத்துவராதவர்களுக்கு, மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் உட்புறம் இமையைத் தாங்கும் சிறு கம்பி பொருத்தித் தர முடியும். இமைப்பது குறைவதால் சொட்டு மருந்தும் கூடவே தேவைப்படும். முதலில் ஒரு மணி நேரம், பிறகு படிப்படியாகக் கூடுதல் நேரம் என்று போட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.